ஆளில்லா பலூன்களும் வான்பயணப் பாதுகாப்பும்

ஆளில்லா பலூன் என்பது மனிதர் எவரும் ஏறிச் செல்லாமல், ஐதரசன் அல்லது ஈலியம் போன்ற இலேசான வளிமத்தால் மேலெழும் வான்கலம் ஆகும். வானிலை ஆய்வு, விண்வெளி அறிவியல், விளம்பரம் முதலிய தேவைகளுக்கு இவை பயன்படுகின்றன. மேலே சென்றபின் காற்றின் போக்கிலேயே நகர்வதால், இவை வானூர்திகளின் வழியில் குறுக்கிடக்கூடும். இந்தியாவின் 1934 ஆம் ஆண்டு வானூர்திச் சட்டம் பலூனையும் பட்டத்தையும் "வானூர்தி" என்ற வரையறைக்குள் சேர்த்திருந்தது. அச்சட்டத்துக்கு மாற்றாக 2024 ஆம் ஆண்டின் பாரதிய வாயுயான் அதிநியம் 2025 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

சென்னையின் தென்புறநகர்

தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், இரண்டு வான்தளங்களுக்கு அருகில் உள்ள ஊர். வடக்கே மீனம்பாக்கத்தில் சென்னைப் பன்னாட்டு விமான நிலையமும், கிழக்கே தாம்பரம் வான்படைத் தளமும் அமைந்துள்ளன. வான்படையின் பறப்புப் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் தாம்பரத்தில் இயங்கி வருகிறது. பயிற்சி வானூர்திகள் தாழ்வாகவும், ஒரே பகுதியைச் சுற்றியும் பறப்பவை.

மீனம்பாக்கத்தில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மேல்வளி ஆய்வு நிலையமும் உள்ளது. உலகெங்கும் ஒரே நேரத்தில் அளவீடு செய்யும் முறைப்படி, இந்திய நேரம் காலை 5.30, மாலை 5.30 ஆகிய நேரங்களுக்கான அளவீடுகளுக்காக இத்தகைய நிலையங்களிலிருந்து பலூன்கள் விடப்படுகின்றன. பலூனில் தொங்கும் ரேடியோசோண்டு என்னும் சிறு கருவி வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் முதலியவற்றை வானொலி அலை மூலம் அனுப்புகிறது. காற்றின் திசையும் வேகமும் பலூனின் நகர்விலிருந்து கணிக்கப்படுகின்றன.

பலூன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர் மேலேறும். எனவே பயணிகள் வானூர்திகள் பறக்கும் 10 முதல் 12 கி.மீ. உயரத்தை அது அரைமணிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அடைந்து, சில நிமிடங்களில் கடந்துவிடும். ஏறத்தாழ 30 கி.மீ. உயரத்தில் பலூன் வெடிக்க, கருவி கீழே விழும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கீழ்மட்டக் காற்று பலூனைத் தென்மேற்காக, அதாவது தாம்பரம், முடிச்சூர்ப் பக்கமாகத் தள்ளக்கூடும். தென்மேற்குப் பருவத்தில் கீழ்மட்ட மேற்குக் காற்று அதைக் கடல்நோக்கிக் கொண்டு செல்லும். மிக உயரத்தில் வீசும் கீழைத் தாரைக்காற்று மீண்டும் மேற்கே திருப்பும்.

மோதலின் தன்மை

பலூனின் உறை மெல்லியது. அதனால் ஏற்படும் சேதம் பெரும்பாலும் சிறிதே. ஆபத்து முக்கியமாக அதில் தொங்கும் சுமையிலும் கயிற்றிலும் உள்ளது. 1.1 கிலோகிராம் எடையுள்ள பொருள் மீது மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் வானூர்தி மோதினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 27,000 சூல் ஆகும். இது ஒரு டன் எடையுள்ள மகிழுந்து 2.7 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பானது. பெரிய பயணிகள் வானூர்திகளின் முன்கண்ணாடி 1.8 கிலோகிராம் எடையுள்ள பறவையின் மோதலைத் தாங்குமாறு வடிவமைக்கப்படுகிறது. ஆனால் பறவையின் உடல் மோதியவுடன் சிதறிப் பரவும். கெட்டியான சுமையின் விசையோ சிறிய இடத்தில் குவியும். மேலும், சிறு பலூன்கள் ரேடாரில் எளிதில் தென்படுவதில்லை. விமானி கண்ணால் கண்டு விலகவும் நேரம் போதாது.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

1970 ஏப்ரல் 1: சோவியத் ஒன்றியத்தின் ஏரோபுளோட் நிறுவன அன்டோனோவ் ஆன்-24 வானூர்தி, நோவசிபீர்சுக்கில் இருந்து கிராசுனயார்சுக்குச் செல்லும் வழியில், 5,400 மீட்டர் உயரத்தில் வானிலை பலூனுடன் மோதி வீழ்ந்தது. அதிலிருந்த 45 பேரும் இறந்தனர்.

1998 ஆகத்து: கனடாவில் விடப்பட்ட ஓசோன் ஆய்வு பலூன் கட்டுப்பாட்டை மீறி அத்திலாந்திக்கின் மேல் சென்றது. போர் வானூர்திகள் ஆயிரத்துக்கு மேற்பட்ட குண்டுகள் சுட்டும் அது உடனே விழவில்லை. பயணிகள் வானூர்திகள் வேறு வழிகளில் திருப்பிவிடப்பட்டன.

2025 அக்டோபர்: பெலருசிலிருந்து சிகரெட்டு கடத்துவோர் அனுப்பிய பலூன்களால் லித்துவேனியாவின் வில்னியசு விமான நிலையம் பலமுறை மூடப்பட்டது.

2025 அக்டோபர் 16: டென்வரிலிருந்து லாசு ஏஞ்சலசு சென்ற யுனைட்டெட் ஏர்லைன்சு போயிங் 737 மாக்சு 8 வானூர்தியின் முன்கண்ணாடி, யூட்டா மாநிலத்தின் மேல் 36,000 அடி உயரத்தில் ஒரு வானிலை பலூனுடன் மோதிச் சேதமடைந்தது. தெறித்த கண்ணாடித் துகள்களால் தலைமை விமானி காயமுற்றார். வானூர்தி சால்ட் லேக் நகரில் பாதுகாப்பாக இறங்கியது. பலூனின் எடை ஏறத்தாழ 1.1 கிலோகிராம். அதனை விட்ட விண்ட்போர்ன் நிறுவனம், 30,000 முதல் 40,000 அடி வரையிலான உயரத்தில் தன் பலூன்கள் தங்கும் நேரத்தைக் குறைப்பதாக அறிவித்தது.

பன்னாட்டு விதிகள்

பன்னாட்டுக் குடிசார் வான்பயண அமைப்பு, கட்டற்றுப் பறக்கும் ஆளில்லா பலூன்களைச் சுமையின் அடிப்படையில் மூன்றாகப் பிரிக்கிறது.

இலகுவகை: மொத்தச் சுமை 4 கிலோகிராமுக்குக் குறைவு.
நடுவகை: மொத்தச் சுமை 4 கிலோகிராம் முதல் 6 கிலோகிராமுக்குக் குறைவு வரை.
கனவகை: மொத்தச் சுமை 6 கிலோகிராம் அல்லது அதற்கு மேல், அல்லது தனிப் பொதி ஒன்றின் எடை 3 கிலோகிராம் அல்லது அதற்கு மேல். சிறிய பரப்பில் எடை செறிந்த பொதியும், எளிதில் அறாத கயிறும் கூட ஒரு பலூனைக் கனவகையில் சேர்க்கும்.

கனவகைப் பலூனில், சுமையின் பறப்பை நிறுத்துவதற்குத் தனித்தனியே இயங்கும் குறைந்தது இரண்டு அமைப்புகள் இருத்தல் வேண்டும். ஐதராபாத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் பலூன் நிலையம் விடும் பெரிய அறிவியல் பலூன்கள் கனவகைக்கு எடுத்துக்காட்டு. ரேடியோசோண்டு பலூன்கள் இலகுவகை ஆதலால் அவற்றுக்கான கட்டுப்பாடுகள் குறைவு. 2025 இல் போயிங் வானூர்தியுடன் மோதியதும் எடையளவில் இலகுவகையைச் சேர்ந்ததே. அந்நிகழ்வு, எடை குறைந்தவை பாதுகாப்பானவை என்ற கருத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது.

பயனும் ஆபத்தும்

பலூன்களை முற்றிலும் தவிர்ப்பது எளிதன்று. 2015 திசம்பர் 2 காலை வரையிலான 24 மணிநேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாகியது, அடையாற்று வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கின. இத்தகைய மழையை முன்னறிவதற்கு வளிமண்டலத்தின் மேலடுக்கு அளவீடுகள் தேவை. விமானிகள் பயன்படுத்தும் காற்று முன்கணிப்புகளுக்கும் அவையே அடிப்படைகளுள் ஒன்று. குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் விடப்படும் வானிலை பலூனை வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் முன்கூட்டியே கருத்தில் கொள்ள இயலும். கயிறறுந்து செல்லும் விளம்பர பலூனும், விழாக்களில் பறக்கவிடப்படும் வான விளக்கும் அவ்வாறு அறிவிக்கப்பட்டு வருவதில்லை. ஆகவே விமான நிலையத்தை அடுத்த ஊர்களில் இவை கூடுதல் இடர் விளைவிப்பவை.

இவற்றையும் பார்க்க

ரேடியோசோண்டு
பறவை மோதல்
சென்னைப் பன்னாட்டு விமான நிலையம்