பப்பைக் காப்பாற்ற பணம் போட்ட 371 பேர்... நல்ல ராக் இசை பப் எப்படி இருக்கும்? முழு விவரம்!

தென்கிழக்கு லண்டனில் நன்ஹெட் என்றொரு பகுதி. அங்கிருந்த 'ஐவி ஹவுஸ்' பப் 2012-ல் மூடப்பட்டது. கட்டடம் கைமாறி அடுக்குமாடி வீடாகப் போகிறது என்று தெரிந்ததும் அந்தப் பகுதி மக்கள் ஒன்று கூடினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பங்குத்தொகை போட்டு, மீதிக்குக் கடனும் வாங்கி, 2013-ல் அந்த பப்பையே விலைக்கு வாங்கிட்டாங்க! பங்குதாரர்கள் மட்டும் 371 பேர்.

ராக் இசை முழங்கிய இடம் அது. "சத்தம் தாங்கலை"ன்னு புகார் கொடுக்க வேண்டிய அக்கம்பக்கத்தினரே காசு போட்டுக் காப்பாத்தணும்னா, ஒரு பப்பில் அப்படி என்ன இருக்கணும்? வாங்க பார்க்கலாம்.

பப்புக்குள் ராக் இசை வந்தது எப்படி?

'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். மது விற்கும் இடம்தான் என்றாலும், பிரிட்டனில் தெருக்காரர்கள் சந்தித்துப் பேசும் பொது இடமும் அதுதான்.

1970-களின் தொடக்கத்தில் பெரிய ராக் குழுக்கள் பெரிய அரங்குகளுக்குப் போய்விட்டன. புதிதாக வரும் குழுக்களுக்கு மேடை இல்லை. அந்த நேரத்தில்தான், 1971-ல், 'எக்ஸ் ஓவர் ஈஸி' என்ற அமெரிக்கக் குழு லண்டன் கென்டிஷ் டவுனில் ஜாஸ் இசை நடந்துகொண்டிருந்த 'டேலி ஹோ' பப்பில் வாசிக்க ஆரம்பித்தது. கூட்டம் கூடியது. மற்ற குழுக்களும் பப்களைத் தேடி வந்தன. இதற்கு 'பப் ராக்' என்றே பெயர் வந்துவிட்டது.

அப்போது ஐவி ஹவுஸுக்கு 'நியூலேண்ட்ஸ் டாவர்ன்' என்று பெயர். இயான் டியூரி, 'டாக்டர் ஃபீல்குட்' குழு எல்லாம் அங்கே வாசித்தவர்கள். இப்படி பப் பப்பாக வாசித்து வளர்ந்த டாக்டர் ஃபீல்குட்டின் நேரடி நிகழ்ச்சி ஆல்பமான 'ஸ்டுப்பிடிட்டி', 1976-ல் பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்தது.

சத்தம் எவ்வளவு இருக்கலாம்?

சின்ன அறையில் டிரம்ஸ் சத்தத்தைக் குறைக்க பட்டன் கிடையாது. அதனால் டிரம்ஸுக்கு ஏற்ற அளவில்தான் கிட்டாரையும் குரலையும் வைக்கணும். கிட்டார் வாசிப்பவர் தன் ஆம்ப்ளிஃபையரை ஏத்திட்டே போனால் பாடகரின் குரல் அமுங்கிப்போகும். அதனால், நல்ல பப்பில் ஒலியைக் கவனிப்பவர் மேடை அருகிலேயே நிற்க மாட்டார். கடைசி மேசை வரைக்கும் நடந்துபோய்க் கேட்பார்.

இசை அரங்குகளில் 15 நிமிட சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். காதடைப்பான் கிடைக்க வேண்டும், காதுக்கு ஓய்வு கொடுக்க அமைதியான ஓர் இடம் வேண்டும் என்றும் அது சொல்கிறது. பாட்டு கேட்க வந்தவரும், நண்பரோடு பேச வந்தவரும் ஒரே பப்பில் இருக்க முடிவது இந்த அமைதியான மூலையால்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் தூங்கணுமே?

சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போவது பெரும்பாலும் கிட்டார் சத்தம் அல்ல. பேஸும் டிரம்ஸும் எழுப்பும் 'தம் தம்' அதிர்வுதான். ஜன்னலை மூடினால் மட்டும் அது நிற்காது. மேடையைத் தரையோடு ஒட்டாமல் அதிர்வு தாங்கும் பட்டைகள் மேல் அமைப்பது, ஒன்று திறக்கும்போது இன்னொன்று மூடியிருக்கும்படி வாசலில் இரண்டு கதவு வைப்பது போன்றவை கைகொடுக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கிலாந்து, வேல்ஸில் 2012-ல் வந்த நேரடி இசைச் சட்டப்படி, மது விற்க உரிமம் உள்ள பப்பில் காலை 8 முதல் இரவு 11 மணி வரை இசை நிகழ்ச்சி நடத்த பொதுவாகத் தனி உரிமம் தேவையில்லை. முதலில் 200 பார்வையாளர்கள் வரை என்றிருந்த வரம்பு, 2015-ல் 500 ஆக உயர்ந்தது.

சரி, பல வருஷமா இருக்கிற பப் பக்கத்தில் புதுசா வீடு கட்டினால்? சத்தத்தைத் தடுக்கும் பொறுப்பு புதிதாகக் கட்டுபவருக்கே என்ற விதி, இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கையில் 2018-ல் சேர்க்கப்பட்டது.

வாசிப்பவருக்கு என்ன கிடைக்கும்?

"உங்களுக்காக எத்தனை பேர் வருவாங்க?" என்று மட்டும் கேட்டு குழுவை முடிவு செய்யும் பப்கள் உண்டு. அப்படிக் கேட்டால் குழுவோடு வந்த கூட்டம் குழுவோடே போய்விடும். வாராவாரம் அதே கிழமையில், அதே நேரத்தில் நிகழ்ச்சி நடந்தால், "இன்னைக்கு யார் வாசிக்கிறாங்க"ன்னு தெரியாமலே தெருக்காரர்கள் வருவார்கள். பெயர் தெரியாத குழுவுக்கும் கேட்க ஆள் இருக்கும். எவ்வளவு பணம், எப்போது கிடைக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்ல பப்பின் அடையாளம்.

மூடப்போகிறார்கள் என்றால் என்ன வழி?

இங்கிலாந்தின் உள்ளாட்சிச் சட்டம் 2011-ன்படி, ஒரு கட்டடத்தை 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பட்டியலிட உள்ளாட்சி அமைப்பிடம் மக்கள் விண்ணப்பிக்கலாம். அப்படிப் பட்டியலிடப்பட்ட முதல் பப், இந்த ஐவி ஹவுஸ்தான். பட்டியலில் இருந்தால், உரிமையாளர் விற்க முன்வரும்போது பணம் திரட்ட மக்களுக்கு 6 மாத அவகாசம் கிடைக்கும்.

ஆனால் ஒன்று, மக்களுக்குத்தான் விற்க வேண்டும் என்று உரிமையாளரை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கிடைப்பது அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தில் கைகோக்க, ஏற்கெனவே முகம் தெரிந்த நூறு பேராவது வேண்டும். நன்ஹெட்டில் அவர்கள் இருந்தார்கள். 2013 ஆகஸ்டில் ஐவி ஹவுஸ் மறுபடியும் கதவைத் திறந்தது.