கிரந்தியும் ஒவ்வாமையும்

எருக்கலம்பிட்டியில் பிறந்து வளர்ந்த எங்கட மூத்தம்மா கடைசிவரை இறாலை வாயில் வைத்ததில்லை. எங்களுக்கு ஆக்கித் தருவா. கேட்டால், ‘எனக்குக் கிரந்தி, மகன்’ என்பா. அதற்கு மேல் பேச்சில்லை. 1990 ஒக்டோபரில் படகேறிக் கற்பிட்டியில் இறங்கிய பிறகு, கிடைத்ததைத் தின்ற முகாம் நாட்களிலும் கூனிக் கருவாட்டை மட்டும் ஒதுக்கி வைத்தா. எடுப்பு என்றே நாங்கள் நினைத்தோம். சென்ற வருடம் ஒரு வலீமா விருந்தில் எனக்கே உதடு வீங்கித் தொண்டை அடைத்தது. நாற்பது வருடம் தின்ற பண்டம்! ‘இறால், நண்டு இனி வேண்டாம்’ என்று வைத்தியர் சொன்னபோதுதான் மூத்தம்மாவின் அந்தச் சொல் ஞாபகத்துக்கு வந்தது.

கிரந்தி வடசொல். முடிச்சு, கட்டி என்பது அதன் அடிப்பொருள். சித்த மருத்துவத்தில் அது கட்டிகளையும் தோல் நோய்களையும் குறிக்கும். எங்கள் கரையிலோ அது உணவின் குணமாகிவிட்டது. கத்தரிக்காய் கிரந்தி, சூரை கிரந்தி, இறால் கிரந்தி. சுன்னத்து முடிந்த பிள்ளைக்கு இவை எல்லாம் விலக்கு. ஒவ்வாமை என்பதும் பழைய சொல்தான். பொருந்தாமை என்று பொருள். கிரந்தி என்றால் குற்றம் பண்டத்தில். ஒவ்வாமை என்றால் பண்டத்துக்கும் இந்த ஓர் உடம்புக்கும் இடையில். என்னைப் பொறுத்தவரை விஷயமே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

சூரையைப் பாருங்கள். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் ஊறும்; தின்றவர்களுக்கு முகம் சிவந்து தடிப்பு வரும். ஒரே சஹனில் இருந்த பலருக்கு வந்தால் பிழை மீனில். திரும்பத் திரும்ப ஒருவருக்கு மட்டும் வந்தால் அது வேறு சங்கதி. நம்மூரில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

அந்த ‘ஒருவருக்கு மட்டும்’ என்பதை நம் முன்னோர் கவனித்திருக்கிறார்கள். அபூ பக்ர் அர்ராஸி (மறைவு 925) ஒரு சிறு நூல் எழுதினார்: வசந்தகாலத்தில் ரோஜா மணக்கும்போது அபூ ஸைத் அல்பல்கீக்கு ஏன் சளி பிடிக்கிறது என்பதே அதன் பொருள். பல்கீ சாதாரண ஆளல்ல. உடல் நலத்தோடு மன நலத்தையும் சேர்த்து, அச்சம், கோபம், துயரம் பற்றியெல்லாம் நூல் செய்தவர். அவருக்கும் ரோஜா ஆகவில்லை!

காரணம் துலங்க ஆயிரம் வருடம் சென்றது. அதுவும் கடலில் தொடங்கியது. 1901இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் போன ரிஷே, போர்த்தியே என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் சொறிமுட்டை போன்ற ஒரு கடலுயிரின் நஞ்சை ஆராய்ந்தார்கள். பாரிஸ் திரும்பி, கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றினார்கள். முதல் தடவை தப்பிய நாய், சில வாரங்களின் பின் மிகச் சிறிய அளவிலேயே செத்தது. பழகப் பழக உடம்பு தாங்கும் என்ற எண்ணம் தலைகீழானது. ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு. ‘அலர்ஜி’ என்ற பெயரை 1906இல் வைத்தவர் வியன்னாவின் குழந்தை வைத்தியர் பிர்க்கே.

இறாலின் இரகசியம் வெளிவந்ததில் பெங்களூருக்குப் பங்குண்டு. அங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தின் சுப்பா ராவ் குழுவினர் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, நம் கடலிலும் படும் வெள்ளை இறாலையே ஆராய்ந்தார்கள். முக்கிய குற்றவாளி அதன் தசையிலுள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதம் என்று 1993இல் நிறுவினார்கள். சூட்டுக்கு அது அழியாது, ஆணத்திலும் இறங்கும். ‘கறியை விட்டுட்டு ஆணத்தை மட்டும் ஊத்துங்க’ என்பது செல்லாது. இதே புரதத்தின் உறவு கரப்பான் பூச்சியிலும் தூசிச் சிற்றுண்ணியிலும் உண்டு.

இறால் மீனா இல்லையா என்று ஹனபி உலமாக்களிடையே பழைய வாதம் உண்டு. ஷாபிஈகளான நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் உயிருக்குத் தீங்கு செய்வதை உண்ண ஷாபிஈ மத்ஹபிலும் இடமில்லை. நபி (ஸல்) அவர்களின் முன் பொரித்த உடும்பு வைக்கப்பட்டபோது, தம் சமூகத்தின் மண்ணில் இல்லாதது, மனம் ஏற்கவில்லை என்று கையை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த காலித் பின் வலீத் (ரழி) இழுத்து வைத்து உண்டார். ஒரே ஸுப்ராவில் இரண்டும் நடந்தது. அது ஒவ்வாமையல்ல; ஆனாலும் உண்ணாதவரை யாரும் வற்புறுத்தவில்லை.

நம் சஹனில் அந்த அடக்கம் குறைவு. போன பெருநாளில் மச்சான் வீட்டில், ‘அலர்ஜி’ என்றேன். ‘அதெல்லாம் டவுன்காரர்ர வருத்தம், ஒண்டும் செய்யாது’ என்று அள்ளி வைக்கப் போனார்கள். ‘எனக்குக் கிரந்தி’ என்றேன். மாமி எழும்பி வந்து எனக்கு வேறு பீங்கானில் சோறு போட்டா.