கழைக்கூத்தும் சர்க்கஸும்: ஒரு வட்டாரப் பண்பாட்டு நோக்கு

முன்னுரை

சர்க்கஸ் மேனாட்டிலிருந்து வந்த பொழுதுபோக்கு என்பது பரவலான கருத்தாகும். வட்ட அரங்கையும் கூடாரத்தையும் பொறுத்தவரை அது பொருந்தும். ஆயின், கயிற்றின்மேல் நடக்கும் கலை தமிழர்க்குப் புதிதன்று. ஒரு கலை ஒரு வட்டாரத்திற்கு உரியதாவது பிறப்பாலா, பயிற்சியாலா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

சங்கப் பாடல்களில் கயிற்றாட்டம்

குறுந்தொகை 7ஆம் பாடலில் பெரும்பதுமனார், காற்றில் ஒலிக்கும் வாகை நெற்றுக்கு ஆரியர் கயிற்றில் ஆடும்போது கொட்டப்படும் பறையை உவமையாக்குகிறார். ஆடுவோர் வேற்றுப்புலத்தார் என்பது இதனால் பெறப்படும். நற்றிணை 95ஆம் பாடலிலோ, ஆடுமகள் நடந்த கயிற்றில் குரங்குக்குட்டி தொங்கி ஆடுகிறது. குறச் சிறார் பாறைமேல் ஏறித் தாளம் கொட்டுகின்றனர். ஆட்டம் முடிந்தபின்னும் தாளம் ஊர்ப் பிள்ளைகளின் கையில் தங்கிவிடுகிறது.

தலச்சேரிப் பயிற்சிக்கூடம்

இந்திய சர்க்கஸின் வரலாறும் இத்தகையதே. விஷ்ணுபந்த் சத்ரேயின் கிரேட் இந்தியன் சர்க்கஸ் 1880 மார்ச் 20 அன்று பம்பாயில் முதற்காட்சி நடத்தியது. எனினும் இக்கலை வேரூன்றிய இடம் வடமலபாரின் தலச்சேரியாகும். களரியும் உடற்பயிற்சியும் கற்ற கீலேரி குஞ்ஞிக்கண்ணன், 1901இல் அங்குள்ள சிறக்கரையில் பயிற்சிக்கூடம் தொடங்கினார். உடலைப் பழக்கும் களரி மரபு அவ்வூரில் முன்பே இருந்தமையால் வந்த கலை நிலைத்தது. அவர்வழிக் கற்றோர் பல குழுக்களை நிறுவினர். தலச்சேரி சர்க்கஸின் தாயகம் எனப்பட்டது பயிற்சியால் விளைந்த பெருமையேயாகும்.

தெருவில் நின்ற கலை

தமிழகத்தில் தொம்பர் முதலிய நாடோடிச் சமூகத்தார் கழைக்கூத்தைக் குடும்பவழியாகவே கற்று வந்தனர். கூடாரத்துள் கட்டணம் பெற்ற கயிற்று நடை, தெருவில் இரவலாகக் கருதப்பட்டது. திறன் ஒன்றே, மதிப்பு வேறு.

2011இல் உச்சநீதிமன்றம் சிறார்களை சர்க்கஸில் பணியமர்த்துவதைத் தடுக்குமாறு ஆணையிட்டது. சிறார் உரிமை நோக்கில் இது இன்றியமையாதது. ஆனால் இளமையிலேயே தொழில்வழிக் கற்பிக்கும் முறை முடிவுக்கு வரும்போது, மாற்றாகப் பள்ளி வேண்டும். தலச்சேரியில் 2010இல் கேரள அரசு தொடங்கிய சர்க்கஸ் அகாதெமியோ நிலைக்கவில்லை.

முடிவுரை

கயிற்றாட்டம் எங்குப் பிறந்தது என்பதைவிட, எங்குக் கற்பிக்கப்பட்டது என்பதே அதன் வட்டார உரிமையை உறுதிசெய்கிறது. கழைக்கூத்தின் தொன்மைக்குச் சங்கப் பாடல்கள் சான்றாகும். அச்சான்றைப் போற்றும் தமிழ்க் கல்வியுலகம், அக்கலையை இன்றும் அறிந்திருக்கும் மனிதரைக் கலைஞராகவும் ஆசிரியராகவும் ஏற்றல் வேண்டும். அவ்வாறு ஏற்காதவிடத்து, நாம் காப்பது உவமையை மட்டுமே.