சர்வரின் பூட் டிஸ்க் பழுதானால் என்ன ஆகும்? ‘மிரர்’ இருந்தாலும் அவசரப்பட்டு ரீபூட் செய்யாதீங்க!

சர்வரில் இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும். இதுதான் ‘ரெய்டு 1’ எனப்படும் மிரர் முறை. ‘ரெய்டு’ என்ற பெயர், பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகியோரின் 1988-ம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையால் பிரபலமானது.

சரி, ஒரு டிஸ்க் போயிடுச்சுன்னா?

பெரும்பாலும் யாருக்கும் தெரியவே தெரியாது. இணையதளம் ஓடும், மெயில் போகும். லினக்ஸ் சர்வராக இருந்தால், ‘எம்டிஸ்டாட்’ ஃபைலில் இரண்டு ‘யு’ இருந்த இடத்தில் ஒரு ‘யு’வும் ஒரு கோடும் இருக்கும். அவ்வளவுதான். எச்சரிக்கை மெயில் வரும்படி செட் செய்யவில்லை என்றால், மாதக்கணக்கில் ஒற்றை டிஸ்க்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரேயடியாகச் செத்துப்போகும் டிஸ்க் எவ்வளவோ மேல். இழுத்துக்கொண்டு கிடக்கும் டிஸ்க்தான் தொல்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயற்சிப்பதால், மொத்த சர்வரும் அவ்வப்போது உறைந்து நிற்கும். இதைப் பார்த்து, ‘ஒரு ரீஸ்டார்ட் போட்டுப் பார்ப்போம்’ என்று யாராவது கிளம்புவார்கள்.

ஆபத்தே அங்கேதான்!

புதிய சர்வர்களில் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர்தான் பூட்டைத் தொடங்குகிறது. அதற்கு லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டு பற்றி எதுவும் தெரியாது. அது தேடும் ‘இஎஸ்பி’ என்ற சின்னப் பார்ட்டிஷன் பல சர்வர்களில் ஒரே டிஸ்க்கில்தான் இருக்கும். பழுதானது அந்த டிஸ்க் என்றால், டேட்டா பத்திரமாக இருந்தும் சர்வர் எழாது. (தனி ரெய்டு கார்டு உள்ள சர்வர்களில் பொதுவாக இந்தச் சிக்கல் இல்லை. இரண்டையும் ஒரே டிஸ்க்காக கார்டு காட்டிவிடும்.)

எனவே ரீபூட்டுக்கு முன் பேக்கப் எடுத்துவிடுங்கள். மிரர் பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த ஃபைல் இரண்டிலும்தான் அழியும். அடுத்து, கழற்றும் முன் சீரியல் நம்பரைச் சரிபாருங்கள். நல்ல டிஸ்க்கை உருவிவிட்டு தலையில் கைவைப்பது இந்த வேலையில் சகஜம்.

மாற்று டிஸ்க்கின் கொள்ளளவு பழையதைவிட ஒரு துளிகூடக் குறையக்கூடாது. 4 டிபி டிஸ்க், விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் நகலாக 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சர்வர் பிஸியாக இருந்தால் இன்னும் இழுக்கும். அதுவரை மீதமிருக்கும் ஒரு டிஸ்க்கை நம்பித்தான் எல்லாம். அதுவும் ஒரே நாளில் வாங்கிய அதே வயசு டிஸ்க்காக இருந்தால் கொஞ்சம் பயப்படத்தான் வேண்டும்.

நகல் முடிந்ததும் பலர் மறப்பது, புது டிஸ்க்கிலும் இஎஸ்பி பார்ட்டிஷனை உருவாக்கி பூட்லோடரை நிறுவுவது. அதை முடித்து, இரண்டில் எதிலிருந்தும் சர்வர் எழுகிறதா என ஒரு விடுமுறை நாளில் சோதித்துவிடலாம்.