உழைப்பு பலருடையது, உரிமை யாருடையது?

2023-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி, 'ரெட்டிட்' என்னும் அமெரிக்க சமூக ஊடகத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட விவாதக் குழுக்கள் தங்கள் கதவுகளை மூடிக்கொண்டன. அறிவியல், சமையல், இசை, விளையாட்டு எனப் பொருள்வாரியாகப் பிரிந்து இயங்கும் அந்தக் குழுக்களை வழக்கம்போல் நாடிச் சென்றவர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. கதவை மூடியவர்கள் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர். பல ஆண்டுகளாக ஊதியமின்றி அக்குழுக்களைப் பராமரித்துவந்த பயனாளர்கள். வெளியார் உருவாக்கிய செயலிகள் வழியாகத் தளத்தைப் பயன்படுத்துவதற்கு நிறுவனம் பெருங்கட்டணம் விதித்ததே அவர்களின் சினத்துக்குக் காரணம்.

மேலோட்டமாகப் பார்த்தால், இது ஒரு தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் அதன் வாடிக்கையாளர்களுக்கும் இடையிலான விலைத் தகராறு. சற்று ஆழ்ந்து நோக்கினால், பலர் கூடி ஊதியமின்றி உருவாக்கிய மதிப்பின்மீது யாருக்கு உரிமை என்கிற கேள்வி அதில் அடங்கியிருப்பது புலப்படும். அந்தக் கேள்விக்கு இன்றுவரை முறையான விடை இல்லை.

ரெட்டிட் 2005-இல் ஸ்டீவ் ஹஃப்மன், அலெக்சிஸ் ஒஹானியன் என்ற இரு கல்லூரித் தோழர்களால் தொடங்கப்பட்டது. அதன் அமைப்பு எளிமையானது. நிறுவனம் இடத்தைத் தருகிறது. எழுதுவதும், வாதிடுவதும், நல்ல பதிவுகளை வாக்களித்து மேலே கொண்டுவருவதும் பயனாளர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் 'மட்டுறுத்துநர்கள்' எனப்படும் தன்னார்வலர்கள் உண்டு. விதிகளை வகுப்பது, வசைகளையும் விளம்பரக் குப்பைகளையும் நீக்குவது, வரம்பு மீறுவோரை எச்சரிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. 2023-இன் இறுதிக் காலாண்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 7.3 கோடி பேர் வந்துசென்ற இத்தளத்தின் அன்றாட ஒழுங்கு, பெரும்பாலும் இவர்களின் கைகளிலேயே இருந்தது.

இந்த உழைப்பின் மதிப்பு என்ன? அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்களை உள்ளடக்கிய ஒரு குழு 2022-இல் அதைக் கணக்கிட்டுப் பார்த்தது. மட்டுறுத்துநர்கள் எல்லோரும் சேர்ந்து நாளொன்றுக்குக் குறைந்தது 466 மணி நேரம் உழைக்கிறார்கள் என்றும், அதன் ஆண்டு மதிப்பு 34 லட்சம் டாலர் என்றும் அந்த ஆய்வு மதிப்பிட்டது. இது குறைந்தபட்ச மதிப்பீடு மட்டுமே. நிறுவனத்தின் வரவு-செலவுக் கணக்கில் இந்தத் தொகைக்கு இடமில்லை.

அடுத்து, செயலிகளின் கதை. ஒரு தளத்தில் உள்ள தகவல்களை வேறொரு மென்பொருள் முறைப்படி கேட்டுப் பெறுவதற்கான இணைப்பு வழியை 'ஏபிஐ' என்பர். தலைவாசலைத் தவிர, கைவினைஞர்கள் வந்துபோவதற்கென்று திறந்துவைக்கப்பட்ட பக்கவாசல் என்று அதைக் கொள்ளலாம். ரெட்டிட் 2008 முதல் அந்த வாசலைக் கட்டணமின்றித் திறந்து வைத்திருந்தது. அந்நிறுவனம் தன் பெயரில் கைப்பேசிச் செயலியை வெளியிட்டது 2016-இல்தான். அதுவரை கைப்பேசிப் பயனாளர்களைத் தளத்துக்கு அழைத்து வந்தவை பெரும்பாலும் வெளியார் எழுதிய செயலிகளே. அதன் பின்னரும் அப்போலோ, ரெட்டிட் ஈஸ் ஃபன், சிங்க், பேக்கன்ரீடர் போன்றவற்றைப் பலர் விரும்பிப் பயன்படுத்தினர். பார்வையற்றோருக்கு அது விருப்பம் சார்ந்ததாக மட்டும் இல்லை. திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருளுடன் அதிகாரபூர்வச் செயலி சரிவரப் பொருந்தாத நிலையில், வெளியார் செயலிகளே அவர்களுக்குத் துணையாக இருந்தன.

2023 ஏப்ரலில், இனி ஏபிஐ வசதிக்குக் கட்டணம் உண்டு என நிறுவனம் அறிவித்தது. மே மாத இறுதியில்தான் விலை தெரியவந்தது: ஆயிரம் கோரிக்கைகளுக்கு 24 சென்ட். சிறு தொகைபோலத் தோன்றும் இதன் சுமையை அப்போலோவை உருவாக்கிய கிறிஸ்டியன் செலிக் பொதுவெளியில் கணக்கிட்டுக் காட்டினார். அவருடைய செயலி மாதந்தோறும் அனுப்பும் கோரிக்கைகள் சுமார் 700 கோடி. அதற்கு ஆண்டுக்குச் செலுத்த வேண்டிய தொகை ஏறத்தாழ 2 கோடி டாலர். தனியொருவர் நடத்திவந்த செயலிக்கு இது கட்டுப்படியாகாது. விலை தெரிந்த நாளுக்கும் அது நடைமுறைக்கு வந்த ஜூலை 1-க்கும் இடையே இருந்த அவகாசம் ஒரு மாதம்.

நிறுவனத்தின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2023-இல் 80.4 கோடி டாலர் வருவாய் ஈட்டியும் ரெட்டிட் 9.08 கோடி டாலர் இழப்பையே சந்தித்தது. வெளியார் செயலிகள் நிறுவனத்தின் கணினிகளைப் பயன்படுத்தின; ஆனால், நிறுவனத்தின் விளம்பரங்களைக் காட்டவில்லை. பங்குச் சந்தையில் நுழையக் காத்திருந்த நிறுவனம் இந்தக் கசிவை அடைக்க நினைத்ததில் வியப்பில்லை. மேலும், செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் ரெட்டிட்டின் உரையாடல்களைக் கொண்டு தங்கள் மென்பொருள்களைப் பயிற்றுவித்து வந்தன. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுக்கு அந்த மதிப்பை இலவசமாகத் தரவேண்டியதில்லை என்பது தலைமைச் செயல் அதிகாரி ஹஃப்மனின் வாதம்.

ஆனால், அந்த வாதமே ஒரு மறுகேள்வியை எழுப்புகிறது. மதிப்பு மிக்கவை என்று அவர் சுட்டிய உரையாடல்களை எழுதியவர்கள் யார்? அவற்றைக் களையெடுத்துப் பேணியவர்கள் யார்? பெருநிறுவனங்கள் இலவசமாக எடுத்துச் செல்வது தவறென்றால், பயனாளர்களிடமிருந்து இலவசமாகப் பெற்றதைப் பெருநிறுவனங்களுக்கு விற்பது எந்தக் கணக்கில் சேரும்?

2009-ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசை இருவர் பகிர்ந்துகொண்டனர்: ஆலிவர் வில்லியம்சன், எலினார் ஆஸ்ட்ரம். ரெட்டிட் விவகாரத்தைப் புரிந்துகொள்ள அவ்விருவரின் சிந்தனைகளும் பெரிதும் உதவும்.

வில்லியம்சனின் கருத்தை வகுப்பில் விளக்கும்போது நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிக் கட்டப்படும் அனல்மின் நிலையத்தை எடுத்துக்காட்டாகக் கூறுவது என் வழக்கம். மின் நிலையத்தைக் கட்டி முடிப்பதற்கு முன்பு அதன் உரிமையாளருக்குப் பேரம்பேசும் வலிமை உண்டு; வேறு சுரங்கத்தை நாடலாம். கட்டி முடித்த பிறகு அதைப் பெயர்த்தெடுத்துச் செல்ல முடியாது. அப்போது சுரங்க உரிமையாளர் விலையை உயர்த்தினால் பணிவதைத் தவிர வழியில்லை. ஆகவேதான் இத்தகைய உறவுகளில் நீண்டகால ஒப்பந்தம் இன்றியமையாதது. செயலிகளை எழுதியவர்களும் குழுக்களை வளர்த்தவர்களும் பிறருடைய சுரங்கத்தை ஒட்டி மின் நிலையம் கட்டியவர்கள்தாம். அவர்களிடம் ஒப்பந்தம் இல்லை. இருந்தது நல்லெண்ணத்தின்மீதான நம்பிக்கை மட்டுமே.

ஆஸ்ட்ரம் மேய்ச்சல் நிலங்கள், மீன்பிடித் துறைகள், பாசனக் கால்வாய்கள் ஆகியவற்றை ஆராய்ந்தவர். பொதுவளங்கள் பேராசையால் அழிந்தே தீரும் என்ற கருத்தை அவர் மறுத்தார். பயன்படுத்துவோரே விதிகளை வகுத்து, ஒருவரையொருவர் கண்காணித்து, தவறுக்கேற்பப் படிப்படியான தண்டனை விதிக்கும் இடங்களில் பொதுவளம் தலைமுறைகள் கடந்தும் நிலைக்கிறது என்று காட்டினார். ரெட்டிட் குழுக்கள் ஏறத்தாழ இப்படித்தான் இயங்கின. ஆனால், ஆஸ்ட்ரம் இன்னொரு நிபந்தனையையும் சொன்னார்: மக்கள் தாங்களே விதி வகுத்துக்கொள்ளும் உரிமையை மேலதிகாரம் மதிக்க வேண்டும். அந்த நிபந்தனை இங்கே நிறைவேறவில்லை.

போராட்டம் முடிந்த விதம் அதை உறுதிப்படுத்தியது. 48 மணி நேரத்துக்குப் பின் பல குழுக்கள் திறந்தன. சில தொடர்ந்து மூடியே கிடந்தன. திறக்க மறுக்கும் மட்டுறுத்துநர்களை மாற்ற நேரிடும் என்று நிறுவனம் எச்சரித்தது, சிலர் நீக்கவும்பட்டனர். படங்களுக்கான பெருங்குழு ஒன்று, ஜான் ஆலிவர் என்ற நகைச்சுவையாளரின் படங்களை மட்டுமே இனி வெளியிடுவதென வாக்கெடுப்பு நடத்தித் தீர்மானித்து, கேலியைப் போராட்ட வடிவமாக்கியது. தேர்ந்தெடுக்கப்படாத மட்டுறுத்துநர்கள் பரம்பரை நிலக்கிழார்களைப் போன்றவர்கள் என்று ஹஃப்மன் ஒரு நேர்காணலில் விமர்சித்தார். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. எல்லா மட்டுறுத்துநர்களும் நடுநிலை தவறாதவர்கள் அல்லர். எனினும், நிலக்கிழாருக்கு நிலத்தின்மீது பட்டா உண்டு. இவர்களிடம் அதுவும் இல்லை.

வணிக நோக்கற்ற, மாற்றுத்திறனாளிகளுக்கான சில செயலிகளுக்கும் மட்டுறுத்தும் கருவிகளுக்கும் நிறுவனம் விலக்களித்தது. எதிர்ப்பால் விளைந்த பயன் அது. அப்போலோ உள்ளிட்ட புகழ்பெற்ற செயலிகள் ஜூன் 30-ஆம் தேதியுடன் நின்றுபோயின.

பயனாளர்கள் ஏன் வேறு தளத்துக்குச் செல்லவில்லை என்ற கேள்வி எழலாம். ஓர் அமைப்பின்மீது அதிருப்தி கொண்டவருக்கு இரு வழிகள் உண்டென ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதினார்: வெளியேறுவது, குரல் எழுப்புவது. 2010-இல் 'டிக்' என்ற தளம் தன் வடிவத்தைத் தலைகீழாக மாற்றியபோது, அதன் பயனாளர்கள் திரளாக வெளியேறினர். அவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் முதன்மையானது ரெட்டிட். 2023-இல் அதற்கு நிகரான ஒரு புகலிடம் ஆயத்தமாக இல்லை. எல்லோரும் இருக்கும் இடத்தில்தான் எல்லோரும் இருக்க விரும்புவர். ஒருவர் மட்டும் வெளியேறினால் இழப்பு அவருக்கே. வெளியேறும் வழி அடைபடும்போது, குரலுக்கும் வலுவில்லாமல் போகிறது.

இது தனியொரு நிகழ்வும் அன்று. அதே ஆண்டு ஜனவரியில், எலான் மஸ்க் வசமாகியிருந்த ட்விட்டர் நிறுவனம் வெளியார் செயலிகளை முன்னறிவிப்பின்றி முடக்கியது. அதற்கேற்ற விதியைச் சில நாள்கள் கழித்தே எழுதியது. முடக்கப்பட்டவற்றுள் ஒன்றான ட்விட்டரிஃபிக், 2007-இலேயே பறவைச் சின்னத்துடன் வெளிவந்து அந்தத் தளத்தின் அடையாளத்தை உருவாக்கியதில் பங்காற்றிய செயலி.

பின்னர் நடந்தவை கவனிக்கத்தக்கவை. 2024 பிப்ரவரியில் ரெட்டிட் தன் உரையாடல்களைப் பயன்படுத்தும் உரிமையைக் கூகுளுக்கு வழங்கியது. அதன் மதிப்பு ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலர் எனச் செய்திகள் வெளியாயின. இத்தகைய உரிம ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு 20.3 கோடி டாலர் என்று பங்கு வெளியீட்டு ஆவணத்தில் நிறுவனமே குறிப்பிட்டது. மார்ச் 21-ஆம் தேதி 34 டாலர் விலையில் வெளியான அதன் பங்கு, முதல் நாளிலேயே 48 விழுக்காடு உயர்ந்தது. நெடுநாள் பயனாளர்களுக்கும் மட்டுறுத்துநர்களுக்கும் வெளியீட்டு விலையில் பங்கு வாங்க வாய்ப்பளிக்கப்பட்டது. அதாவது, தாங்கள் வளர்த்ததில் ஒரு சிறு பங்கை அவர்கள் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அவ்வாண்டின் செப்டம்பர் இறுதியில், நிறுவனத்தின் ஒப்புதலின்றிப் பொதுக் குழுவைத் தனிப்பட்ட குழுவாக மாற்றக்கூடாது என்ற விதி வந்தது. ஓராண்டுக்கு முன்பு எந்தக் கதவை மூடிப் போராடினார்களோ, அந்தக் கதவின் சாவியும் திரும்பப் பெறப்பட்டது.

இவை அனைத்தும் சட்டப்படி சரியே. பதிவேறும்போது நாம் படிக்காமல் ஒப்புக்கொள்ளும் விதிமுறைகள் இதற்கெல்லாம் இடமளிக்கின்றன. சிக்கல் அங்குதான் இருக்கிறது.

மாற்று என்ன? முதலாவதாக, அவகாசம். பிறர் தொழில் நடத்தும் அளவுக்கு ஒரு வாசலைப் பல ஆண்டுகள் திறந்து வைத்திருந்த நிறுவனம், அதை மூடுவதற்குக் குறைந்தது ஓராண்டாவது முன்னறிவிப்பு தர வேண்டும். இரண்டாவதாக, பாகுபாடு. உரையாடல்களை மொத்தமாக அள்ளிச் செல்லும் செயற்கை நுண்ணறிவு நிறுவனத்துக்கும், பார்வையற்றவருக்குப் படித்துக்காட்டும் செயலிக்கும் ஒரே தராசு பொருந்தாது. விலக்கு என்பது எதிர்ப்புக்குப் பின் கிடைக்கும் சலுகையாக அல்லாமல், தொடக்கத்திலேயே விதியாக இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, பெயர்ந்து செல்லும் உரிமை. மின்னஞ்சலில் ஒரு நிறுவனத்தின் பயனாளர் இன்னொரு நிறுவனத்தின் பயனாளருக்கு எழுத எந்தத் தடையும் இல்லை. சமூக ஊடகங்களில் அது இல்லாதது தொழில்நுட்பத்தின் இயலாமையால் அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சந்தைச் சட்டம், பெரிய செய்திப் பரிமாற்றச் செயலிகள் போட்டியாளர்களின் செயலிகளுடன் இணைந்து இயங்க வழிவிட வேண்டும் என்கிறது. ஆயினும், 4.5 கோடி மாதாந்திர ஐரோப்பியப் பயனாளர்கள், 750 கோடி யூரோ வருவாய் போன்ற வரம்புகளைக் கடந்த பெருநிறுவனங்களே அதன் இலக்கு. 2023 செப்டம்பரில் அவ்வாறு அடையாளம் காணப்பட்ட ஆறு நிறுவனங்களில் ரெட்டிட் இல்லை. ஒரு குழு தன் உறுப்பினர்களோடும் பழைய உரையாடல்களோடும் வேறிடம் பெயர வழியிருந்தால், விலையை உயர்த்துமுன் எந்த நிறுவனமும் இருமுறை யோசிக்கும்.

கட்டணமின்றிப் பெற்ற வசதி என்றென்றும் தொடரும் என எவரும் உரிமை கோர முடியாது. அதேபோல, ஊதியமின்றித் தரப்பட்டது என்பதாலேயே ஓர் உழைப்புக்கு எந்த உரிமையும் இல்லை என்று தள்ளிவிடவும் கூடாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நியாயத்தை வகுப்பது சட்டத்தின் பணி. அதுவரை, பிறர் நிலத்தில் வீடு கட்டுவோர் கட்டுவதற்கு முன்பே குத்தகைப் பத்திரத்தைக் கேட்டுப் பெறுவது நல்லது.