சாலைக் கடைத்தெருவின் தமிழை எண்ணுவது எப்படி?

அளவுசார் ஆய்வையும் பண்புசார் ஆய்வையும் எதிரெதிர் அணிகளாகவே நம் ஆய்வு நெறிமுறை வகுப்புகள் கற்பிக்கின்றன. முன்னது எண்ணும், பின்னது விளக்கும். தேர்வு எழுத இவ்வளவு போதும். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் மொழியை ஆராயப் புகுவோருக்கு இது போதாது.

சாலை, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய அங்காடி. தெற்கிலிருந்து வந்து குடியேறிய வணிகர்களால் தமிழ் அங்கே வேரூன்றியது. வீட்டில் தமிழ், வாடிக்கையாளரிடம் மலையாளம், தெருவில் இரண்டும் கலந்த பேச்சு என வாழும் குடும்பங்கள் அங்கு உண்டு. ‘இவர்களுள் தமிழர் எத்தனை பேர்?’ என்பது எளிய வினாவாகத் தோன்றும்.

திருவிதாங்கூரில் எண்ணும் மரபு பழையது. 1875ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை நடத்திய வி. நாகமையா, சமஸ்தானத்தின் மக்கள்தொகை 23,11,379 என்று பதிவு செய்தார். அவரே 1906இல் திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவலை மூன்று தொகுதிகளாக வெளியிட்டு, மக்களின் வழக்கங்களையும் வரலாற்றையும் விரித்துரைத்தார். எண்ணியவரும் விவரித்தவரும் ஒருவரே.

எண்ணுவதற்கு முன் வினாவை வகுத்தாக வேண்டும். இந்தியக் கணக்கெடுப்பு 1881இல் தாய்மொழியைக் கேட்டது. 1891இல் பெற்றோர் மொழியை. 1901இல் வழக்கமாகப் பயன்படுத்தும் மொழியை. சாலையில் மூன்று தலைமுறையாகக் கடை நடத்தும் ஒருவர் முதலிரு வினாக்களுக்குத் தமிழ் என்பார். மூன்றாவதற்கு மலையாளம் என்றும் சொல்லக்கூடும். மனிதர் மாறவில்லை, வினா மாறிற்று. இதைக் கவனியாமல் மூன்று எண்களையும் ஒரே வரைபடத்தில் இணைத்தால், நிகழாத ஒரு வீழ்ச்சியை நாமே படைத்துவிடுவோம். ‘மொழி’ என்பதற்கு என்ன பொருள் என்று முடிவு செய்வது பண்புசார் தீர்ப்பு. அளவுசார் ஆய்வு அதன்மேல்தான் நிற்கிறது.

எந்த அலகில் எண்ணுவது என்பதும் அத்தகைய தீர்ப்பே. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, தாலுகா வாரியான மொழி விழுக்காடு முக்கியச் சான்றாக இருந்தது. தேவிகுளத்திலும் தமிழரே பெரும்பான்மையினர். ஆயினும் தோட்டத் தொழிலாளர் நிலையாகத் தங்குபவர் அல்லர் என்னும் வாதம் அங்கே எழுந்தது. தேவிகுளம் கேரளத்திலேயே இருந்தது. எண்ணை ஒருவரும் மறுக்கவில்லை. எண்ணப்பட்டவர் யார் என்பதிலேயே வழக்கு. சாலையின் தமிழோ வழக்கிலேயே இடம்பெறவில்லை. தாலுகாவை அலகாகக் கொண்டால் ஒரு தெருவின் மொழி சராசரிக்குள் கரைந்துவிடும்.

கரைந்ததை மீட்க வேறு வகைச் சான்று வேண்டும். சாலையில் கடை நடத்தியபடியே எழுதிய ஆ. மாதவனின் கதைகளில், சுமை தூக்குவோரும் சிறு வணிகரும் மலையாளம் ஊடாடும் தமிழில் பேசுகின்றனர். ஒருவர் எப்போது, யாரிடம், எதற்காக மொழி மாறுகிறார் என்று எந்தப் படிவமும் கேட்டதில்லை. ஆனால் புனைகதை ஒரு தனிமனிதர் தெரிந்தெடுத்த காட்சி. அப்படிப் பேசியோர் நூறு பேரா, பத்தாயிரம் பேரா என்பதற்கு அதனிடம் விடையில்லை. ஆழ்ந்த நேர்காணல்கள் இருபதைத் திரட்டினாலும் இவ்வரம்பு நீங்காது.

ஆகவே ‘எம்முறை உயர்ந்தது?’ என்பது பயனற்ற கேள்வி. எத்தனை பேர், எந்த அளவு மாற்றம் என்று கேட்டால் எண்ணத்தான் வேண்டும். எப்படி, ஏன், எப்பொருளில் என்று கேட்டால் கேட்டறிந்தும் வாசித்தும்தான் அறிய வேண்டும். மொழிச் சிறுபான்மையினரின் பள்ளியும் அலுவல் மொழி உரிமையும் விழுக்காட்டைக் கொண்டு தீர்மானிக்கப்படும் நாட்டில், இவ்வேறுபாடு வெறும் பாடப்பகுதி அன்று. ஆய்வேட்டில் அட்டவணையை இடும் மாணவர், அதற்குரிய மூல வினாவையும் அலகையும் அதன் கீழேயே எழுதட்டும். நேர்காணலை மேற்கோள் காட்டுபவர், அது எத்தனை பேருக்குப் பொருந்தும் என்ற வரம்பையும் உடன் சொல்லட்டும்.