மஞ்சள் காப்புரிமையும் இலவசத் தேடுதளங்களும்

காயம் பட்டால் மஞ்சள் பூசுவது நம் ஊர்ப் பாட்டிகள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். ஆனால் மஞ்சளால் காயம் ஆற்றும் முறைக்கு 1995 மார்ச்சில் அமெரிக்கா ஒரு காப்புரிமை வழங்கியது! அதன் எண் 5,401,504. பெற்றது மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம்.

இந்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் (சி.எஸ்.ஐ.ஆர்.) 1996 அக்டோபரில் மறுபரிசீலனை கோரியது. "எங்கள் நாட்டில் காலம் காலமாகச் செய்கிறோம்" என்றால் மட்டும் போதாது. வெளிநாட்டுப் பழக்கத்தை அன்றைய அமெரிக்கச் சட்டம் சான்றாக ஏற்கவில்லை. அச்சில் வந்த ஆவணம் வேண்டும். சமஸ்கிருத, உருது, இந்தி நூல்கள், 1953-ல் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரை என 32 சான்றுகள் திரட்டப்பட்டன. 1997 ஆகஸ்டில் உரிமைக் கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன.

வேம்பு இன்னும் அலைக்கழித்தது. வேப்பெண்ணெய் பூஞ்சைக்கொல்லிக்கு 1994-ல் ஐரோப்பா வழங்கிய காப்புரிமை 2000-ல் ரத்தாகி, மேல்முறையீடு 2005 மார்ச்சில்தான் முடிந்தது.

தெரிந்த விஷயத்துக்கு எப்படிக் காப்புரிமை கிடைத்தது? காரணம் எளிது. தேடினால் கிடைப்பதை வைத்துத்தான் பரிசோதகர் முடிவு செய்வார். பாட்டி வைத்தியம் அவர் தேடும் இடத்தில் இல்லை.

மறுபக்கம், வழங்கப்பட்ட காப்புரிமைகளைப் படிப்பதும் அன்று சுலபமாக இல்லை. நெய்வேலியில் இருப்பவர் சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். இல்லையேல் 1980-ல் தொடங்கிய நாக்பூர்க் காப்புரிமைத் தகவல் மையத்தை நாட வேண்டும். இணையம் இதை மாற்றியது. 1997-ல் ஐ.பி.எம். நிறுவனம் அமெரிக்கக் காப்புரிமைகளை இலவசமாகத் தேட வழி செய்தது. 1998-ல் ஐரோப்பாவின் எஸ்பாசெநெட் வந்தது. 2006 டிசம்பரில் கூகுள் பேட்டன்ட்ஸ் வந்தது. ஆஸ்திரேலியாவின் காம்பியா அமைப்பு, உயிரியல் துறைக்கென்றே பேட்டன்ட் லென்ஸ் என்ற தளத்தை உருவாக்கியது. மரபணு வரிசையைக் கொடுத்தே காப்புரிமைகளைத் தேடும் வசதியும் அதில் வந்தது. இன்று அது 'தி லென்ஸ்' என்ற பெயரில் இயங்குகிறது.

மஞ்சளில் கற்ற பாடத்தால் 2001-ல் இந்தியா பாரம்பரிய அறிவு மின்நூலகத்தைத் தொடங்கியது. ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றுடன் நம் சித்த மருத்துவக் குறிப்புகளும் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் பதிவாயின. 2009-ல் ஐரோப்பிய, அமெரிக்க அலுவலகங்களுக்கு அனுமதி தரப்பட்டது. அதன்பின் பல விண்ணப்பங்கள் பரிசோதனை நிலையிலேயே கைவிடப்பட்டன.

ஆனால் இங்கே ஒரு முரண் உண்டு. மஞ்சள் காப்புரிமையை நெய்வேலியில் உள்ள மாணவர் ஒரு பைசா செலவில்லாமல் படிக்கலாம். தமிழ்ச் சித்தர்களின் குறிப்புகள் உள்ள மின்நூலகத்தையோ, மாதிரிக்குச் சில தவிர, முழுதாகத் தேட முடியாது! மூலநூல்கள் கடையில் கிடைக்கின்றன. தேடும் வசதிக்குத்தான் பூட்டு. திறந்துவிட்டால் மற்றவர்கள் அதைப் பார்த்து, சிறிது மாற்றிப் புதிய உரிமை கோருவார்கள் என்பது அச்சம். 2022 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை பிறருக்கும் படிப்படியாக அனுமதி தர ஒப்புதல் அளித்தது, அதுவும் கட்டணத்துடன்.

அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் மஞ்சள் வழக்கை வென்றது ஒளித்து வைத்த ரகசியம் அல்ல, யாரும் எடுத்துப் படிக்கக்கூடிய பழைய நூல்களும் ஒரு மருத்துவ இதழும்தான். அறிவைக் காப்பாற்ற அதை எழுதி வைத்தால் மட்டும் போதாது, தேடுபவர் கண்ணில் படவும் வேண்டும்.